பார்வை கொஞ்சம் இருக்கிறது, கொஞ்சம் இல்லை: இதை மற்றவர்களுக்கு எப்படிச் சொல்வது?

#1 குறுவட்டம் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லி, அதிலிருந்து எழுந்த கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன்.

அந்தி நேரத்தில் பேருந்தில் வெண்கோலை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, கைப்பேசியில் ஒரு கட்டுரையைப் படித்துக்கொண்டிருந்தேன். எதிரே நின்றிருந்த பெரியவர் ஒருவர், பார்வையற்றவருக்குரிய இருக்கையை நான் ஏமாற்றிப் பிடித்திருப்பதாக எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். நான் விளக்கத் தொடங்குவதற்குள் என் நிறுத்தம் வந்துவிட்டது. கோலை விரித்துப் படியைத் தட்டிப் பார்த்து இறங்கியபோது, "இப்போது மட்டும் கண் தெரியவில்லையோ?" என்று அவர் கேட்டது காதில் விழுந்தது. அவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. தம் கண்ணால் கண்டதை நம்பினார், அவ்வளவுதான். ஆனால் அன்று இரவு வெகு நேரம் எனக்கு உறக்கம் வரவில்லை.

எனக்கு இருப்பது ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா, சுருக்கமாக ஆர்.பி. என்பார்கள். உலக அளவில் ஏறத்தாழ 4,000 பேரில் ஒருவருக்கு வரும் மரபணு சார்ந்த விழித்திரை நோய் இது. விழித்திரையில் மங்கிய ஒளியிலும் ஓரப் பார்வையிலும் வேலை செய்யும் குச்சி உயிரணுக்கள் சுமார் 12 கோடியும், நிறத்தையும் நுணுக்கத்தையும் காணும் கூம்பு உயிரணுக்கள் சுமார் 60 லட்சமும் உள்ளன. ஆர்.பி.யில் பெரும்பாலும் குச்சிகள் முதலில் அழியத் தொடங்குகின்றன. அதனால் முதலில் இருட்டில் பார்வை போகிறது, பிறகு பார்வையின் ஓரங்கள் ஆண்டுக்காண்டு உள்நோக்கிச் சுருங்கி வருகின்றன. எனக்கு 19 வயதில் நோய் கண்டறியப்பட்டது. இப்போது 38 வயதில், நடுவில் ஏறக்குறைய 10 பாகை மட்டுமே மிஞ்சியிருக்கிறது. பொதுவாக மனிதருக்குப் பக்கவாட்டில் ஏறத்தாழ 180 பாகை பார்வை உண்டு.

எண்ணாகச் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை என்பதால் நான் இப்படிச் சொல்வதுண்டு. ஒரு கையை முன்னால் முழுதாக நீட்டி விரல்களை மடக்குங்கள். அந்த முட்டியின் அகலம் சுமார் 10 பாகை. அந்த முட்டி மறைக்கும் இடம்தான் எனக்குத் தெரியும் இடம். அந்த வட்டத்துக்குள் எனக்கு எழுத்து தெரிகிறது, முகம் தெரிகிறது, ஊசியில் நூல் கோக்கவும் முடிகிறது. வட்டத்துக்கு வெளியே எதுவும் இல்லை.

"வெளியே எல்லாம் கறுப்பாகத் தெரியுமா?" என்று கேட்பார்கள். இல்லை. உங்கள் தலைக்குப் பின்னால் இருப்பது உங்களுக்குக் கறுப்பாகவா தெரிகிறது? அது வெறுமனே தெரிவதில்லை, தெரியவில்லை என்ற உணர்வும் உங்களுக்கு எழுவதில்லை. என் கண்ணுக்குப் பக்கவாட்டில் இருப்பதும் அப்படித்தான். இந்த ஒன்றை நானே எனக்குச் சொற்களில் விளக்கிக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.

இதில் இன்னொரு விந்தை உண்டு. 10 பாகை என்பது ஒரு மீட்டர் தொலைவில் 17 சென்டிமீட்டர் அகலம்தான், ஆனால் பத்து மீட்டர் தொலைவில் அது ஒன்றே முக்கால் மீட்டராக விரிந்துவிடுகிறது. ஆகவே தொலைவில் வரும் பேருந்தின் பலகையை என்னால் படிக்க முடிகிறது, முழங்காலுக்கு முன்னால் கிடக்கும் முக்காலி தெரிவதில்லை. தூரத்தில் வரும் நண்பரைப் பெயர் சொல்லி அழைத்துவிட்டு, அவர் அருகே வந்து நீட்டிய கையைக் காணாமல் நின்றிருக்கிறேன். செருக்கு என்று எண்ணி விலகிப் போனவர்களும் உண்டு.

என் கேள்வி இதுதான். முழுதாகப் பார்வை இல்லாதவரைச் சமூகம் ஒரு வகையில் புரிந்துகொள்கிறது, முழுதாகப் பார்வை உள்ளவரையும் புரிந்துகொள்கிறது. "தெரியுமா, தெரியாதா?" என்ற கேள்விக்கு "இரண்டும்தான்" என்று பதில் சொல்ல வேண்டிய நிலையில் உள்ளவர்கள், அதை நம்பும்படியாக எப்படிச் சொல்கிறீர்கள்?

#2 நல்லெண்ணம்

உங்கள் பதிவைப் படித்து வருந்தினேன். நீங்கள் விவரிப்பதன் தொடக்கம் மாலைக்கண் நோய் போல் இருக்கிறதே. அது வைட்டமின் ஏ குறைவால் வருவது என்று பள்ளியில் படித்திருக்கிறேன். நீங்கள் அதற்குரிய மாத்திரைகளை முயன்று பார்த்தீர்களா? தவறாக எண்ண வேண்டாம், அக்கறையில் கேட்கிறேன்.

#3 குறுவட்டம்

தவறாக எண்ணவில்லை. என் குடும்பத்தில் எல்லோரும் முதலில் கேட்டதும் இதைத்தான். மாலைக்கண் என்பது இருட்டில் பார்வை குன்றுவதைக் குறிக்கும் பழைய, அழகான சொல். ஆனால் அது ஓர் அறிகுறியின் பெயர், காரணங்கள் பல. வைட்டமின் ஏ குறைவால் வருவது, உரிய காலத்தில் குறையை நிரப்பினால் பெரும்பாலும் நீங்கிவிடும். எனக்கு வைட்டமின் போதிய அளவு இருக்கிறது, அதைப் பயன்படுத்தும் உயிரணுக்கள்தாம் அழிகின்றன. மருத்துவர் சொல்லாமல் அந்த வைட்டமினை அதிகமாக உட்கொண்டால் கல்லீரல் கெடும் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன், ஏனெனில் இந்த இழையை ஆர்.பி. உள்ள இளையவர் யாராவது படிக்கக்கூடும்.

அடுத்து வரக்கூடிய கேள்விக்கும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். மரபணுச் சிகிச்சை ஒன்றுக்கு 2017 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அது ஆர்.பி.இ.65 என்னும் ஒரு மரபணுவின் பிழையால் பார்வை இழப்பவர்களுக்கு மட்டும் உரியது. ஆர்.பி.யை உண்டாக்கும் மரபணுக்கள் 80-க்கும் மேல். என்னுடையது வேறொன்று.

நலம் விரும்பிகள் சிகிச்சையைப் பற்றியே பேசும்போது எனக்குள் ஒரு சோர்வு வரும். நான் உதவி கேட்பது இன்றைய மாலைக்கு, அவர்கள் பதில் சொல்வது என்றோ வரப்போகும் காலைக்கு.

#4 செவியோரம்

உங்கள் நண்பர் நீட்டிய கையைப் பற்றிப் படித்தபோது நெஞ்சு கனத்தது. என் கதை காது சார்ந்தது, ஆனால் கேள்வி ஒன்றுதான். எனக்கு இரு காதுகளிலும் பாதிக்கு மேல் கேட்கும் திறன் இல்லை, கருவி அணிகிறேன். அமைதியான அறையில் ஒருவர் என் முகம் பார்த்துப் பேசினால் ஏறக்குறைய எல்லாம் விளங்கும். அதே மனிதர் பத்துப் பேர் பேசும் கூடத்தில் பேசினால் ஒன்றும் விளங்காது. கருவி எல்லா ஓசைகளையும் பெரிதாக்குகிறது. இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரலை மட்டும் பிரித்தெடுக்கும் வேலையை, பழுதில்லாத செவியும் மூளையும் சேர்ந்து செய்வது போல் அது செய்வதில்லை. "கருவிதான் போட்டிருக்கிறீர்களே" என்பவர்களுக்கு இதை விளக்கி விளக்கி எனக்கு அலுத்துவிட்டது.

உதட்டைப் பார்த்தே எல்லாவற்றையும் புரிந்துகொள்வேன் என்று நம்புபவர்களும் உண்டு. கண்ணாடி முன் நின்று ஓசையில்லாமல் "பணம்" என்றும் "மணம்" என்றும் சொல்லிப் பாருங்கள். உதடுகள் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். "வலி", "வழி", "வளி" மூன்றையும் சொல்லிப் பாருங்கள். நாக்கு வாய்க்குள் வேறு வேறு இடங்களுக்குப் போகிறது, வெளியே தெரிவது ஒன்றே. எதிரே இருப்பவர் வழி கேட்கிறாரா, வலியைச் சொல்கிறாரா என்பதை அவருடைய கண்களையும் பேச்சின் போக்கையும் வைத்து நான் ஊகிக்கிறேன். ஒரு மணி நேரம் பேசினால் ஒரு தேர்வு எழுதி முடித்த களைப்பு வருகிறது. மாலையில் நான் யாருடனும் பேசாமல் இருப்பதைக் கோபம் என்று என் வீட்டில் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள்.

எல்லாவற்றையும் விட என்னை வருத்துவது ஒரு சிறு சொல். எல்லோரும் சிரிப்பார்கள், நான் "என்ன?" என்று கேட்பேன், "ஒன்றுமில்லை, விடு" என்பார்கள். அவர்களுக்கு அது உண்மையிலேயே ஒன்றுமில்லாததுதான். ஆனால் உறவுகள் பெரும்பாலும் இத்தகைய ஒன்றுமில்லாதவற்றால் ஆனவை. ஒரு நாளில் இருபது முறை "விடு" என்று கேட்டவர், இருபது முறை வாசலில் நிறுத்தப்பட்டவர்.

நான் கண்டுகொண்ட ஒரு வழி: என் குறையை விவரிப்பதை நிறுத்திவிட்டு, எதிரே இருப்பவர் செய்ய வேண்டியதை மட்டும் சொல்கிறேன். "எனக்குக் காது கேட்காது" என்றால் உடனே கத்துகிறார்கள், கத்தும்போது உதட்டின் வடிவமும் சிதைகிறது. "என் முகம் பார்த்து, சற்று நிதானமாகப் பேசுங்கள்" என்றால் அதைச் செய்கிறார்கள்.

#5 குறுவட்டம்

"வலி, வழி, வளி" என்று இப்போது கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தேன். நன்றி. இத்தனை ஆண்டுகளில் நான் இதை எண்ணிப் பார்த்ததே இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு குறையோடு வாழ்வதால் இன்னொரு குறை தானாகப் புரிந்துவிடாது என்பதும் எனக்கு இன்று கிடைத்த பாடம்.

#6 வகுப்பறை

நான் ஆசிரியை. பார்வையற்றோர் நிலையை மாணவர்கள் உணர வேண்டும் என்று ஆண்டுதோறும் ஒரு நிகழ்ச்சி நடத்துகிறேன். ஒவ்வொருவரும் கண்ணைக் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் பள்ளி வளாகத்தைச் சுற்றி வர வேண்டும். முடிவில் பலர் அழுதுவிடுவார்கள். அதைப் பார்த்து நிகழ்ச்சி வெற்றி பெற்றதாகவே நினைத்திருந்தேன். இந்த இழையைப் படித்த பிறகு ஐயம் வந்திருக்கிறது. நான் செய்வது சரியா என்று நேர்மையான பதிலை எதிர்பார்க்கிறேன்.

#7 கோல்நடை

அம்மா, நான் பார்வையற்றவர்களுக்கு நடைப்பயிற்சி அளிப்பவன்; இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதுவே என் தொழில். நீங்கள் நேர்மையாகக் கேட்டிருப்பதால் நேர்மையாகவே சொல்கிறேன்: அந்த நிகழ்ச்சியை அதே வடிவில் நடத்த வேண்டாம்.

கண்ணைக் கட்டிய மாணவர் பத்து நிமிடத்தில் உணர்வது பார்வையின்மையை அன்று, பார்வை போன முதல் பத்து நிமிடத்தை. அவரிடம் கோலும் இல்லை, பயிற்சியும் இல்லை, எதிரொலியைக் கேட்டுச் சுவரின் தொலைவை அறியும் பழக்கமும் இல்லை. அவருக்குக் கிடைப்பது அச்சம் மட்டுமே. "ஐயோ, இவர்கள் வாழ்நாள் முழுவதும் இப்படியா?" என்று அவர் நினைக்கிறார். இல்லை, ஒருவரும் வாழ்நாள் முழுவதும் அப்படி இருப்பதில்லை. பார்வையற்றவரான உளவியல் ஆய்வாளர் ஏரியல் சில்வர்மன் தம் குழுவினருடன் செய்த ஆய்வு ஒன்று 2014-இல் வெளியானது. கண்ணைக் கட்டிப் பார்த்தவர்கள், பார்வையற்றோரால் வேலை செய்யவும் தனித்து வாழவும் முடியும் என்பதை மற்றவர்களைவிடக் குறைவாகவே நம்பினார்கள் என்று அதில் தெரியவந்தது. அவர்கள் திறன்மேல் இருந்த மதிப்புக் குறைந்தது. உங்கள் மாணவர்களில் ஒருவர் நாளை வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் அமர்வார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இதற்கு மாற்றாக ஒன்றைச் சொல்கிறேன். கோல் பிடித்து நடப்பவர் ஒருவரை அழைத்து, அவரை ஆசிரியராக நிற்க வையுங்கள். நீண்ட கோலை இடமும் வலமுமாக வீசி நடக்கும் முறையை 1944-இல் ரிச்சர்டு ஹூவர் என்பவர், போரில் பார்வை இழந்த வீரர்களுக்கான அமெரிக்க மருத்துவமனையில் உருவாக்கினார். வலக்கால் முன்னே வரும்போது கோலின் நுனி இடப்பக்கம் தொட வேண்டும், இடக்கால் வரும்போது வலப்பக்கம். அதாவது அடுத்த அடி விழப்போகும் இடத்தைக் கோல் முன்னதாகவே தொட்டுவிடுகிறது. வீச்சின் அகலம் தோளைவிடச் சற்றே கூடுதலாக இருக்க வேண்டும். இந்தத் தாளத்தைக் கண் திறந்தபடியே கற்க முயலும் மாணவர், முதல் கால் மணி நேரத்தில் தடுமாறுவார். அந்தத் தடுமாற்றம் அவருக்கு அச்சத்தைத் தராது, "இது ஒரு கலை, இதை இவர் கைவரப் பெற்றிருக்கிறார்" என்ற எண்ணத்தைத் தரும்.

குறுவட்டம் அவர்களுக்கும் ஒரு செய்தி. கோல் என்றாலே முழுப் பார்வையின்மை என்று மக்கள் எண்ணுவது உங்கள் ஒருவரின் சிக்கல் அன்று. என்னிடம் பயிற்சிக்கு வருபவர்களில் பெரும்பாலானோருக்கு ஏதோ ஓரளவு பார்வை மிஞ்சியிருக்கிறது. 1921-இல் பிரிஸ்டல் நகரில், விபத்தில் பார்வையிழந்த ஜேம்ஸ் பிக்ஸ் என்ற ஒளிப்படக் கலைஞர், வண்டிகள் தம்மைக் காண வேண்டும் என்று கைத்தடிக்கு வெள்ளை வண்ணம் பூசினார். வெண்கோலுக்குச் சொல்லப்படும் தொடக்கக் கதைகளில் இது ஒன்று. பிறகு 1996-இல் அர்ஜென்டினாவில் பெர்லா மாயோ என்ற ஆசிரியை, பார்வை ஓரளவு உள்ளவர்களுக்காகப் பச்சை நிறக் கோலை முன்வைத்தார். உங்களைப் போன்றவர்கள் "நடிக்கிறார்கள்" என்ற பழிக்கு ஆளாவதைக் கண்டதே அதற்குக் காரணம். பச்சைக் கோல் எல்லா நாடுகளிலும் பரவவில்லை. பரவியிருந்தாலும், அதன் பொருளை மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருந்திருக்கும்.

#8 இடைவெயில்

எனக்கு மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ். உடலின் எதிர்ப்பாற்றலே நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய் இது. சில நாள்களில் நடக்கிறேன், சில நாள்களில் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். சில நாள்களில் காலையில் நடந்து, மாலையில் நாற்காலிக்கு வந்துவிடுகிறேன். நாற்காலியிலிருந்து எழுந்து மேல் தட்டில் இருக்கும் ஒரு பொருளை எடுத்தால், சுற்றி இருப்பவர்களின் முகம் மாறுவதை நான் பார்க்கிறேன். அவர்கள் கண்ணில் அந்த நொடி முதல் நான் பொய்யர்.

இந்த நோய் உள்ள பலருக்கு உடல் வெப்பம் அரை பாகை செல்சியஸ் ஏறினாலும் பார்வை மங்கும், கால் தளரும், குளிர்ந்தவுடன் மீளும். உடலுழைப்புக்குப் பின் பார்வை இப்படி மங்கி மீள்வதை உத்தாஃப் என்ற மருத்துவர் 1890-இலேயே எழுதிவைத்திருக்கிறார். ஆனால் அலுவலகத்தில் யாரும் அவரைப் படித்ததில்லை. அவர்கள் வைத்திருப்பது ஒரே ஒரு கணக்கு: "நேற்று முடிந்ததே." நேற்று முடிந்தது என்பதை எனக்கு எதிரான சான்றாக வைக்கிறார்கள். அதனால் நல்ல நாள்களில்கூட நான் அஞ்சி அஞ்சித்தான் நடந்திருக்கிறேன். இன்று நன்றாக நடந்தால் நாளை நாற்காலி கேட்கும் உரிமையை இழந்துவிடுவேனோ என்ற அச்சம் அது. நலமாக இருக்கும் நாளை மறைக்க வேண்டியிருப்பது என்ன வாழ்க்கை என்று சில இரவுகளில் எண்ணியதுண்டு.

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒருவர் தரும் காரணம் நம்பத்தகாதது என்று சொல்ல நம் மொழியில் "நொண்டிச் சாக்கு" என்ற சொல்லே இருக்கிறது. நான் கால் இழுத்து நடந்துபோய் விடுப்புக் கேட்ட அன்று என் மேலாளர் அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்தினார். நோகச் செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை, பழக்கத்தில் வந்துவிட்டது. சொன்ன பிறகு அவரே திகைத்தார்.

#9 செவியோரம்

உங்களுக்கு "நொண்டிச் சாக்கு" என்றால் எனக்குச் "செவிடன் காதில் ஊதிய சங்கு". ஒரு கூட்டத்தில் ஒருவர் அதைச் சொல்லிவிட, அறையில் இருந்த அனைவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மூன்று முறை மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பதில் அந்தக் கூட்டத்தின் குறிப்புகளை எழுத்தில் தந்திருந்தால் எனக்குப் பெரிய உதவியாக இருந்திருக்கும். பழமொழியை ஒருவர் விட்டுவிடுவதால் மகிழ்ச்சிதான், ஆனால் என் செவிக்கு எட்டாமல் போனவை அதனால் எட்டிவிடுவதில்லை. "மாற்றுத்திறனாளி" என்ற சொல்லையும் நான் மதிக்கிறேன். அதை வாய் நிறையச் சொல்பவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினால் அந்த மதிப்பு என்னை வந்து சேர்வதில்லை.

#10 மறுகரை

எல்லோரையும் மதித்து ஒரு மாறுபட்ட கருத்தைச் சொல்கிறேன். நான் கையில்லாமல் பிறந்தவன். முப்பது ஆண்டுகளாக மற்றவர்களுக்கு விளக்கம் சொல்லியே களைத்துவிட்டேன், இனிச் சொல்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். உயரமானவர் தம் உயரத்துக்கு விளக்கம் தர வேண்டியதில்லை. நாம் மட்டும் ஏன் ஒவ்வொரு பேருந்திலும் மருத்துவ வரலாற்றை ஒப்பிக்க வேண்டும்?

2006-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, குறைபாடு உள்ள மனிதருக்கும் சுற்றியுள்ள மனப்பான்மை, சூழல் ஆகிய தடைகளுக்கும் இடையே நிகழ்வதே இயலாமை என்று தன் முன்னுரையில் சொல்கிறது. விழிப்புணர்வு ஏற்படுத்தும் கடமையை அதன் 8-ஆம் பிரிவு அரசுகளிடம் ஒப்படைக்கிறது, நம்மிடம் அன்று. உலகில் ஏறத்தாழ 130 கோடிப் பேர், அதாவது ஆறில் ஒருவர், குறிப்பிடத்தக்க இயலாமையோடு வாழ்வதாக உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அத்தனை பேரும் ஒவ்வொருவராக நின்று விளக்கித்தான் உலகம் மாற வேண்டும் என்றால் அது அநீதி. புரிந்துகொண்ட பிறகுதான் மதிப்பார்கள் என்றால், அந்த மதிப்பு எனக்கு வேண்டாம். புரியாவிட்டாலும் மதிக்கட்டும்.

#11 குறுவட்டம்

உங்கள் பதிவை நான்கு முறை படித்தேன். கடைசி வரியை நான் முழுதாக ஏற்கிறேன். பேருந்தில் வந்த பெரியவருக்கு ஆர்.பி. பற்றித் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒருவர் கையில் கோல் இருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று நம்பியிருந்தால் போதும். அந்நியர்களைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வதே சரி என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. இரண்டு நாள்களுக்கு முன் இந்த இழையைத் தொடங்கியபோது அப்படித் தோன்றவில்லை.

ஆனால் நம்மோடு வாழ்பவர்களின் நிலை வேறு. என் அண்ணன் என்மேல் உயிரையே வைத்திருக்கிறார். ஆனாலும் என் பார்வையை ஒரு நிலையான அளவாகவே அவர் நினைத்திருந்தார்: "இவனுக்கு இவ்வளவு தெரியும்." பகல் வெளிச்சத்தில் நான் மாடிப்படியில் இறங்குவதைக் கண்டிருந்ததால், வெயிலிலிருந்து வீட்டுக்குள் நுழைந்த முதல் சில நிமிடங்களில் நான் சுவரைப் பிடித்து நிற்பதை அவரால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. ஒளியிலிருந்து இருட்டுக்கு முழுதாகப் பழக யாருடைய கண்ணுக்கும் அரை மணி நேரம் வரை ஆகும். எனக்கோ அந்த வேலையைச் செய்யும் உயிரணுக்களே அநேகமாக இல்லை. இதை அவரிடம் நான் விளக்காமல் இருந்த ஆண்டுகளில், அவர் என்னைச் சோம்பேறி என்று எண்ணினார், நான் அவரை இரக்கமற்றவர் என்று எண்ணினேன். இருவருமே தவறாக எண்ணியிருக்கிறோம்.

அவருடைய மகளுக்கு ஆறு வயது. அவளுக்கு யாரும் எதையும் விளக்கவில்லை. என் முன்னால் எதையாவது நீட்டும்போதெல்லாம் "சித்தப்பா, இப்போது தெரிகிறதா?" என்று கேட்பாள். தெரியவில்லை என்றால் சற்று நகர்த்திவிட்டு மறுபடி கேட்பாள். காலையில் ஆம் என்றவன் மாலையில் இல்லை என்கிறேனே என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அவளிடமிருந்துதான் என் அண்ணன் அந்தக் கேள்வியைக் கற்றார் என்று நினைக்கிறேன். நான் எதிர்பார்ப்பதும் அந்தக் கேள்வியைத்தான். "உனக்கு எவ்வளவு தெரியும்?" என்பதற்கு என்னிடம் பதில் இல்லை, "இப்போது தெரிகிறதா?" என்பதற்கு எப்போதும் பதில் உண்டு.

#12 இடைவெயில்

"இப்போது" என்ற அந்தச் சொல்லை என் மேலாளரிடம் எப்படிக் கொண்டுசேர்ப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். "உங்களால் நடக்க முடியுமா?" என்று கேட்காமல், "இன்று எப்படி வர வசதி?" என்று அவர் கேட்டால் எனக்குப் பாதிக் களைப்பு தீர்ந்துவிடும். திங்கட்கிழமை சொல்லிப் பார்க்கிறேன்.

#13 உடனிருப்பவள்

நெடுநாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தவள், இப்போது எழுதத் துணிகிறேன். என் கணவருக்குப் பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு முழுதாகத் திரும்பவில்லை. சொல் நினைவில் இருக்கும், வாய்க்கு வராது. நினைப்பது ஒன்றாகவும் வருவது வேறொன்றாகவும் இருக்கும். அறிவுக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் மருத்துவமனையிலும் உறவினர் வீட்டிலும் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தே கேட்கிறார்கள்: "அவருக்கு எப்படி இருக்கிறது? அவருக்கு என்ன வேண்டும்?" அவர் என் பக்கத்திலேயே அமர்ந்திருப்பார்.

நான் ஒரு குற்றத்தை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். நானும் அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். அவர் ஒரு சொல்லைத் தேடும் இடைவெளியை என்னால் பொறுக்க முடிந்ததில்லை. உதவி என்று நினைத்து நானே வாக்கியத்தை முடித்துவிடுவேன். ஒருநாள் பயிற்சியளிக்கும் பேச்சு மருத்துவர் என்னை வெளியே இருக்கச் சொன்னார். கதவுக்கு வெளியே நின்று, என் கணவர் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்தேன். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனது. சொல்லி முடித்துவிட்டார். அது நான் ஊகித்திருக்கக்கூடிய வாக்கியம் அன்று. ஓராண்டு காலம் அவர் சொல்ல நினைத்தவற்றில் எத்தனை என் வாக்கியங்களுக்கு அடியில் புதைந்துபோயினவோ என்று அன்று அழுதேன்.

இப்போது யாராவது என்னிடம் கேட்டால், பதில் சொல்லாமல் அவர் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். கேட்டவரும் வேறு வழியின்றித் திரும்புகிறார். மறுகரை அவர்கள் சொன்னது போல விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

#14 மறுகரை

அம்மா, உங்கள் பதிவுக்கு என் வணக்கம். என் தாயாரும் எனக்காகப் பல ஆண்டுகள் பேசியவர்தான். அவர்மேல் எனக்கு வருத்தம் ஏதும் இல்லை என்பதை உங்களிடம் சொல்லத் தோன்றியது.

#15 வகுப்பறை

கோல்நடை ஐயா சொன்னதை ஏற்று, கண்கட்டும் நிகழ்ச்சியைக் கைவிட முடிவு செய்துவிட்டேன். தலைமையாசிரியரிடமும் பேசிவிட்டேன். அழுத மாணவர்களை எண்ணி நான் பெருமைப்பட்டதை இப்போது நினைத்தால் உறுத்துகிறது. இந்த ஆண்டு ஒரு மணி நேர வகுப்பாக, அரங்கில் நூறு மாணவர்களோடு, கோலின் பயன்பாட்டையும் முட்டியால் அளக்கும் 10 பாகையையும் செய்து காட்ட விரும்புகிறேன். குறுவட்டம் அவர்களே, நீங்கள் வந்து நடத்தித் தர இயலுமா? அரங்கில் உங்களுக்கு என்ன ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதை முன்னதாகவே சொன்னால் உதவியாக இருக்கும். மேடைக்கு ஏற நான்கு படிகள் உண்டு, கைப்பிடி இல்லை.

#16 கோல்நடை

அரங்கின் பின்வரிசை விளக்குகளை அணைத்துவிட்டு மேடைக்கு மட்டும் ஒளி தரும் வழக்கம் இருந்தால் அதைத் தவிர்த்துவிடுங்கள். படிகளின் விளிம்பில், தரையின் நிறத்திலிருந்து நன்கு வேறுபடும் நிறத்தில் பட்டை ஒட்டுங்கள். நான்கு படிக்கும் ஒட்டுங்கள்; முதல் படிக்கு மட்டும் ஒட்டினால், ஒரே படிதான் என்று கால் நம்பிவிடும்.

#17 குறுவட்டம்

வருகிறேன், அம்மா. அழைத்ததற்கு நன்றி. மேடை வேண்டாம், மாணவர்களோடு ஒரே தரையில் நிற்பதே எனக்கு எளிது. ஒலிபெருக்கியின் கம்பியைத் தரையில் குறுக்கே விடாமல் சுவரோரமாகக் கொண்டுசெல்லச் சொல்லுங்கள். கேள்வி கேட்கும் மாணவர் கை தூக்குவது எனக்குத் தெரியாது, ஆகவே பெயரைச் சொல்லிவிட்டுக் கேட்கட்டும். செவியோரம் அவர்களின் மூன்று சொற்களையும் அவருடைய அனுமதியோடு அங்கே சொல்ல விரும்புகிறேன்.

நிகழ்ச்சி மாலை நான்கு மணிக்குள் முடிந்தால் நானே தனியாகத் திரும்பிவிடுவேன். அதற்குப் பிறகு என்றால் சாலை வரை ஒருவர் துணை வேண்டியிருக்கும். அவர் என் கையைப் பிடித்து இழுக்காமல், தம் முழங்கையை எனக்குத் தந்துவிட்டு அரை அடி முன்னால் நடக்கட்டும்.